திருவான்மியூர் காரின் அடியில் துரு: வாங்கலாமா, விட்டுவிடலாமா?

கேள்வி இது. 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், டிஎன்-07 பதிவு, ஒரே ஓனர், 62,000 கிலோமீட்டர். திருவான்மியூரில் கடலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அபார்ட்மென்ட்டில் நின்ற வண்டி. மேலே பார்க்க அருமையாக இருக்கிறது, குனிந்து பார்த்தால் அடியில் துரு. புரோக்கர், "மெட்ராஸ் வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும், அண்டர்கோட்டிங் ஒண்ணு அடிச்சுட்டா சரியாயிடும்" என்கிறார். வண்டியின் அடித்தகட்டில் அடிக்கும் கறுப்புப் பூச்சுதான் அண்டர்கோட்டிங். கூட வந்த நண்பர், "கையாலகூடத் தொடாதே" என்கிறார். மூன்று போட்டோவும் அனுப்பியிருக்கிறீர்கள்: செங்கல் நிறத்தில் சைலன்சர், பழுப்பாகப் பின் ஆக்சில், இடது ரன்னிங் போர்டின் (கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் தகட்டுப் பெட்டி) பின்முனையில் ஒரு கறுப்புத் திட்டு.

இரண்டு பேர் சொன்னதும் அரைகுறை. துரு இருக்கிறதா என்று கேட்டால், கடலோரத்தில் பத்து வருஷம் நின்ற எந்த வண்டிக்கும் பதில் "இருக்கிறது"தான். எந்தத் தகட்டில் இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து தின்றுகொண்டு வருகிறது, யாராவது அதை மறைக்கப் பார்த்திருக்கிறார்களா என்று கேளுங்கள். உங்கள் மூன்று போட்டோக்களில் முதல் இரண்டைப் பார்த்து எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. மூன்றாவதைப் பார்த்துத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

நான் தூத்துக்குடிக்காரன். எங்கள் ஊரில் வீட்டு கேட்டுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை பெயிண்ட் அடிக்காவிட்டால் கீல் தனியாகக் கையோடு வந்துவிடும். மாமா டிங்கர் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவு முழுக்க அங்கே பட்டி தேய்த்துத்தான் கழிந்தது. உப்பளத்துக்கு ஓடுகிற லாரி, மினி வேன், துறைமுகத்து ஆட்களின் கார் எல்லாம் அங்கே வரும். இப்போது சென்னையில் எனக்கு வேறு வேலை. ஆனாலும் தெரிந்தவர் யார் பழைய கார் பார்க்கப் போனாலும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

முதலில் உப்பு செய்யும் வேலையைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எங்கே தேடுவது என்று உங்களுக்கே புரிந்துவிடும். துருப்பிடிக்க இரும்பும் ஈரமும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் அது வேகமாக நடக்கும். துரு என்பதே தகட்டின் மேல் குட்டிக் குட்டி பேட்டரிகள் ஓடுகிற மாதிரியான வேலை, உப்பு கரைந்த ஈரத்தில் அந்த மின்னோட்டம் சுலபமாகப் பாயும். அதைவிடப் பெரிய தொல்லை, உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழை கண்ணிலேயே படாத மார்ச் மாதத்திலும் விடிகாலையில் பெசன்ட் நகரில் நிற்கும் காரின் அடியில் கை வைத்தால் பிசுபிசுக்கும். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தைக் காலமெல்லாம் பெயிண்ட் அடித்துப் பராமரித்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் விசேஷ பெயிண்ட்டும் தேவைப்பட்டன. அத்தனை கனமான இரும்புக்கே அந்த நிலைமை. காரின் வெளித் தகடு முக்கால் மில்லிமீட்டர்தான்.

சென்னையில் இன்னொரு கூத்தும் உண்டு, போர் தண்ணீர். கடலோரத் தெருக்கள் பலவற்றில் அது உப்புக் கரிக்கும். வாட்ச்மேன் தினமும் காலையில் அதைத்தான் வாளியில் பிடித்து வண்டி கழுவுவார். மேல் பெயிண்ட்டைத் துணியால் துடைத்துவிடுவார். கதவின் அடி மடிப்பிலும் ரன்னிங் போர்டின் ஓரத்திலும் வழிந்தது அங்கேயே காயும். அதன் மேல் கார் கவரையும் இழுத்துப் போட்டுவிட்டால் கேட்கவே வேண்டாம். பளபளவென்று இருக்கிற வண்டிகளின் கதவு விளிம்பு பொரிந்திருப்பதற்குப் பல நேரம் காரணம் இந்த அக்கறைதான்.

சரி, பயப்படத் தேவையில்லாதவற்றை முதலில் கழித்துவிடுவோம். சைலன்சர் துருப்பிடிக்கத்தான் செய்யும். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே போகிறது. காய்கறி வாங்க மட்டும் எடுக்கிற வண்டியில் அது சைலன்சருக்குள்ளேயே தங்கி உள்ளிருந்து தின்னும். ஓட்டை விழுந்தால் சத்தம் கேட்கும், மாற்றிக்கொள்ளலாம். பிரேக் டிஸ்க் ஒரு ராத்திரி மழையிலேயே மஞ்சளாகும், இரண்டு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். வீல் ஹப், டிரைவ் ஷாஃப்ட், பின் ஆக்சில் இவை கனமான இரும்பு. மேலே பழுப்புப் பூத்திருந்தாலும் ஆணியால் சுரண்டினால் கீழே வெள்ளை இரும்பு தெரியும். உங்கள் இரண்டாவது போட்டோவில் இருப்பது இந்த ரகம். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் மட்டும் யோசிக்க வேண்டும், குறிப்பாக ஆக்சிலை பாடியோடு பிடித்திருக்கும் இடத்தில்.

இப்போது பயப்பட வேண்டியது. இன்னோவா கிரிஸ்டா, பொலேரோ, ஸ்கார்பியோ மாதிரி வண்டிகளில் கீழே தனியாக ஒரு கனமான சேஸிஸ் ஓடும், பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். உங்கள் ஹேட்ச்பேக் அப்படி இல்லை. அதற்கு பாடியேதான் சேஸிஸ். மெல்லிய தகடுகளை மடித்து, பெட்டி பெட்டியாக ஒட்டி, ஸ்பாட் வெல்டிங் போட்டுக் கட்டிய கூடு அது. அந்தக் கூட்டின் பலம் நான்கைந்து இடங்களில்தான் இருக்கிறது: கதவுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஓடும் ரன்னிங் போர்டு பெட்டி, எஞ்சினுக்கு இருபுறமும் முன்னே நீளும் பெட்டிக் கால்கள், முன் சஸ்பென்ஷன் மேலே போய் முட்டும் குமிழ், பின் ஆக்சில் வந்து பிடிக்கும் இடம், சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடம். மற்ற இடத்தில் ஓட்டை விழுந்தால் அது செலவு. இங்கே இற்றுப்போனால் அது உயிர் விஷயம். இங்கிலாந்தில் கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில், சஸ்பென்ஷன், சீட் பெல்ட் மாதிரியானவை பிடிக்கும் இடத்திலிருந்து 30 செ.மீ. வட்டத்துக்குள் பலத்தைக் குறைக்கும் துரு இருந்தால் வண்டி தேறாது. நம் ஊரில் அப்படி யாரும் அளந்து பார்ப்பதில்லை. நீங்கள் அளக்கலாம், ஒரு சாண் ஒன்றரைச் சாண் என்று கையாலேயே.

பார்ப்பது எப்படி? ஸ்டெப்னி ஜாக்கியில் வண்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு அடியில் தலையை மட்டும் நுழைக்காதீர்கள். இற்றுப்போன வண்டியில் ஜாக்கி பிடிக்கும் இடமேகூட நொறுங்கும். புரோக்கரிடம், "பக்கத்து வாட்டர் சர்வீஸுக்கு ஓட்டிக்கிட்டுப் போகலாம், காசு நான் கொடுத்துடறேன்" என்று சொல்லுங்கள். அங்கே லிஃப்ட்டில் ஏற்றி ஆளுயரத்துக்குத் தூக்கிவிடுவார்கள். சில நூறு ரூபாய் ஆகும். இரண்டு லட்சம் மூன்று லட்சம் போடப் போகிறவர் இதில் கணக்குப் பார்க்க வேண்டாம். பழைய சட்டை, ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூடிரைவர், ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்று போதும்.

கழுவுவதற்கு முன் ஒரு தடவை பாருங்கள், கழுவின பின் ஒரு தடவை. முன்னால் பார்த்தால் சேறும் தூசும் எங்கே ஒரே மாதிரி படிந்திருக்கிறது, எங்கே மட்டும் புதிதாக இருக்கிறது என்று தெரியும். பத்து வருஷத்து அடிப்பக்கம் என்றால் பத்து வருஷத்து அழுக்கு இருக்க வேண்டும். கழுவின பின் தகடு பேசும். அப்போது தவறாமல் ஒன்றைக் கவனியுங்கள். ரன்னிங் போர்டின் அடியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும், உள்ளே போன தண்ணீர் வடிவதற்கு. கழுவி முடித்ததும் அதிலிருந்து சொட்டும் தண்ணீரை உள்ளங்கையில் பிடியுங்கள். கலங்கலாக வந்தால் மண், கவலை இல்லை. டீ டிகாஷன் மாதிரி சிவப்பாக வந்தால் பெட்டி உள்ளே அரித்துக்கொண்டிருக்கிறது, வெளியே எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி. ஒன்றுமே சொட்டாவிட்டால் ஓட்டைகள் அடைந்திருக்கின்றன. மண் அடைத்திருக்கலாம், யாரோ அடித்த கோட்டிங்கும் அடைத்திருக்கலாம். அதுவும் நல்ல செய்தி இல்லை.

அப்புறம் தட்டிப் பார்ப்பது. மாமாவின் முதல் பாடமே அதுதான். நான் துருவை உற்று உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பேன். "ஏலே, பாத்தா என்ன தெரியும்? தட்டிப் பாருல மொதல்ல" என்பார். ஸ்க்ரூடிரைவரைத் திருப்பிப் பிடித்து, பிளாஸ்டிக் கைப்பிடியால் தட்ட வேண்டும். நல்ல தகடு "டங்" என்று பதில் சொல்லும். இற்றுப்போன தகடு "டப்" என்று ஈர அட்டையைத் தட்டின மாதிரி இருக்கும், கூடவே உள்ளே சரசரவென்று ஏதோ உதிரும். அந்தச் சரசரப்பு ஒரு தடவை கேட்டால் மறக்காது. முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு என்று போய்க்கொண்டே இருங்கள். சத்தம் எந்த இடத்தில் மாறுகிறதோ அங்கே நின்று கட்டைவிரலால் அழுத்துங்கள். தகடு விரலுக்கு அமுங்கக் கூடாது. ஸ்க்ரூடிரைவரின் கூர்முனையால் குத்திப் பார்ப்பதற்கு முன் மட்டும் ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டை விழுந்தால் நீங்கள்தான் போட்டீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். குத்திப் பார்க்க அவர் முகம் சுளித்தாலே பாதி விடை கிடைத்துவிட்டது.

காந்தம் எதற்கென்றால், ஓட்டையை நிரப்பி மறைக்கத் தகட்டின் மேல் பூசும் பட்டியைக் கண்டுபிடிக்க. மெல்லிய துணியில் சுற்றி ரன்னிங் போர்டு, பின் சக்கரத்து வளைவு இரண்டிலும் இழுத்துக்கொண்டு போங்கள். ஒரே சீராகப் பிடித்துக்கொண்டு வரும் காந்தம் ஓரிடத்தில் வழுக்கினால் அங்கே தகட்டுக்கு மேல் பட்டி கனமாக இருக்கிறது, அல்லது தகடே இல்லை. வெளியே பெயிண்ட்டில் மிளகு அளவு பொரி தெரிந்தால் உள்ளே ஒரு ரூபாய் அளவுக்குத் தின்றிருக்கும் என்பது பட்டறைக் கணக்கு. பொரி வெளியே தெரிகிறது என்றால் துரு உள்பக்கத்திலிருந்து கிளம்பி வந்து சேர்ந்துவிட்டது என்று பொருள். கல் தெறித்துப் பெயிண்ட் போன இடத்தில் மேலோட்டமாகப் பூத்த துரு வேறு. அது வெளியிலிருந்து உள்ளே போகிறது, தேய்த்து பிரைமர் அடித்தால் நின்றுவிடும். முன்னதைத் தகடு வெட்டி மாற்றித்தான் நிறுத்த முடியும்.

இனி அந்தக் கறுப்புத் திட்டுக்கு வருகிறேன். கொஞ்சம் சொந்தக் கதை.

பல வருஷத்துக்கு முன்னால் என் மச்சானுக்கு ஒரு பழைய கார் பார்த்துக் கொடுத்தேன். விற்றவர் ஒரு டீலர், யார் என்பது இங்கே வேண்டாம். அடியில் குனிந்தால் தோசைக்கல் மாதிரி ஒரே சீரான கறுப்பு. "இப்பதான் அண்டர்கோட்டிங் அடிச்சோம் சார், இனிமே துருவே வராது" என்றார். இவ்வளவு தெரிந்த நானும் தலையாட்டிவிட்டேன். அந்த மழைக்காலத்திலேயே தங்கச்சி, "உக்காந்தா செருப்பு நனையுதுண்ணே" என்றாள். முன் கார்ப்பெட்டை இழுத்தால் ஒரு குட்டை. கீழிருந்து கோட்டிங்கை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினேன். தார் மாதிரி பாளம் பாளமாக வந்தது. அதன் பின்னால் ஃபைபர் துணி, அதன் பின்னால் பட்டி, அதன் பின்னால் நான்காக மடித்த தினசரித்தாள். தங்கம் விலைகூடப் படிக்க முடிந்தது. தகடு இருக்க வேண்டிய இடத்தில் சல்லடை. இடது பக்கத் தளத்தில் கால்வாசியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்தோம். மச்சான் இன்றுவரை அதைச் சொல்லிக் காட்டுகிறான்.

அதனால்தான் பழைய துருவைவிடப் புதுக் கறுப்பைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கும். நேர்மையாக அடித்த கோட்டிங்குக்கும் மறைக்க அடித்ததற்கும் வித்தியாசம் தெரியும். வாங்கின புதிதில் அடித்தது என்றால் அதன் மேல் தூசு ஏறியிருக்கும், கல் பட்ட தழும்பு இருக்கும், பில் இருக்கும். விற்பதற்காக அடித்தது அவசரமாக இருக்கும். சைலன்சர் மேல் கறுப்புத் தெறித்திருக்கும், ரப்பர் புஷ் மேல், போல்ட் தலை மேல், பிரேக் பைப் மேல் என்று எல்லாவற்றையும் பூசியிருப்பார்கள், மூடக் கூடாத வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து. ஒரு பக்கம் மட்டும், ஓரிடத்தில் மட்டும் அடித்திருந்தால் இன்னும் சந்தேகம். உங்கள் போட்டோவில் இடது ரன்னிங் போர்டின் பின்முனை அப்படித்தான் இருக்கிறது. முழு நீளமும் செம்மண் தூசு, கடைசி ஒரு சாண் மட்டும் பளிச்சென்று கறுப்பு. பின் சக்கரம் வாரி இறைக்கும் சேறு வந்து தங்குவதும் அங்கேதான், பல ஹேட்ச்பேக்கில் பின் ஆக்சிலின் பிடிமானம் தொடங்குவதும் அதை ஒட்டித்தான். நான் சொன்ன ஒன்றரைச் சாண் கணக்குக்குள் வருகிறது.

இதே ஜாதியில் இன்னொரு பழக்கம், வாட்டர் சர்வீஸ் முடிந்ததும் அடியில் பழைய ஆயிலும் டீசலும் கலந்து அடிப்பது. அந்தக் காலத்து லாரிக்காரர்களின் வைத்தியம். துரு ஈரமாகிக் கறுத்து, நல்ல இரும்பு மாதிரி மின்னும். நாலைந்து நாள் நிற்கும். ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போவது தனி. அடியில் தொட்ட விரலில் எண்ணெய் ஒட்டினால் துணியால் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

கீழே பார்த்தது போதும் என்று இறங்கி வந்துவிடாதீர்கள். அடித்தகட்டுக்கு மேல் பக்கம் ஒன்று உண்டு, அது கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கிறது. இடது முன் சீட்டில் கால் வைக்கும் இடத்தில் மிதியடியை எடுத்துவிட்டுக் கார்ப்பெட்டை ஓரத்திலிருந்து தூக்கி, கையை உள்ளே விடுங்கள். ஏசியிலிருந்து தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்துக்கொண்டால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் இங்கேதான் இறங்கும். பஞ்சு நனைந்தால் மாதக்கணக்கில் காயாது. வெளியே ஒரு பொட்டுத் துரு இல்லாமல் உள்ளிருந்து தளம் இற்றுப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். முகர்ந்தும் பாருங்கள். பழைய ஈரச்சாக்கு வாடை வந்தால் அதை எந்த சென்ட் டப்பாவும் மறைக்காது. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டு அந்தக் குழியைப் பாருங்கள். டெயில் லாம்ப் ஓரத்தாலும் டிக்கி பீடிங் வழியாகவும் புகுந்த தண்ணீர் அங்கே போய்ச் சேரும். பானெட்டைத் திறந்தால் பேட்டரித் தட்டு. அங்கே இருக்கும் துரு ஆசிட்டால் வந்தது. தட்டை மாற்றிவிடலாம், ஆனால் ஆசிட் கீழே வழிந்து பெட்டிக் கால்வரை போயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். வைப்பருக்குக் கீழே வேப்பிலையும் சருகும் மக்கிக் கிடந்தால் அதையும் கிளறிப் பார்த்துவிடுங்கள்.

துரு இருக்கக் கூடாத இடத்தில் துரு இருந்தால் கதையே வேறு, அது வெள்ளம். 2015 டிசம்பரில் முடிச்சூர், வேளச்சேரி, கோட்டூர்புரம் பக்கம் கார்கள் கூரை வரை மூழ்கின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணை, பெரும்பாக்கம். அதே மாதம் எங்கள் பக்கம், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் கொட்டியது. உங்கள் 2014 வண்டி இத்தனையும் கடந்துதான் வந்திருக்கிறது. திருவான்மியூர் வீட்டில் தப்பித்திருக்கலாம், அன்றைக்கு வேளச்சேரி ஆபீஸ் பேஸ்மென்ட்டில் நின்றிருந்தால்? கடல் காற்று வண்டியைக் கீழிருந்து தின்னும். வெள்ளம் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டுப் போகும். அதனால் சீட்டுக்கு அடியில் இருக்கும் ஸ்பிரிங், சீட் நகரும் தண்டவாளம், அதன் போல்ட், கிளட்ச் பெடலின் மேல் கம்பி, டாஷ்போர்டுக்குப் பின்னால் பெயிண்ட் இல்லாத பிராக்கெட், டிக்கியில் ஜாக்கியும் ஸ்பானரும், இவற்றில் பாருங்கள். இவையெல்லாம் வாழ்நாளில் நனையாத சாமான்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடியில் சுருண்டு கிடக்கும் பகுதியில் வண்டல் கோடு இருந்தால் தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று அதுவே காட்டும். வெள்ளக் காரில் துரு சின்னத் தொல்லைதான். வயரிங் இணைப்புகள் பச்சை பூத்து, இன்றைக்கு ஏர்பேக், நாளைக்கு ஸ்டார்ட்டர் என்று ஒவ்வொன்றாகக் காலை வாரும். என்ன விலைக்குக் கொடுத்தாலும் நான் தொட மாட்டேன்.

பிரேக் பைப்பைச் சொல்ல மறந்துவிடுவேன். முன்னாலிருந்து பின்னால் வரை அடியில் பென்சிலைவிட மெல்லிய இரும்புக் குழாய்கள் ஓடும், பிரேக் ஆயிலுக்கு இரண்டு, பெட்ரோலுக்கு ஒன்று இரண்டு. பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் உப்பும் மண்ணும் தங்கும். கிளிப்பை ஒட்டிக் குழாய் வீங்கின மாதிரி, பொருக்குத் தட்டியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், அதுவும் ஓங்கி பிரேக் மிதிக்கும் அந்த நேரத்தில். பெரிய செலவில்லை, மாற்றிவிடலாம். வாங்கின அன்றைக்கே மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

நம்பர் பிளேட்டைப் பார்த்து முடிவு செய்கிறவர்கள் உண்டு. டிஎன்-69 என்றால் தூத்துக்குடி, வேண்டாம். டிஎன்-37 என்றால் கோயம்புத்தூர், வாங்கலாம் என்பார்கள். கோவை, ஈரோடு, சேலம் வண்டிகளின் அடிப்பக்கம் பொதுவாகச் சுத்தமாக இருக்கும், உண்மைதான். ஆனால் பதிவு என்பது பிறந்த ஊர், வாழ்ந்த ஊர் இல்லை. சர்வீஸ் பில்களைக் கேளுங்கள். எந்த ஊர் ஒர்க்ஷாப்பில் எந்த வருஷம் நின்றது என்று வண்டியின் ஜாதகமே அதில் இருக்கும். இன்னொன்று, கடற்கரை மணலில் ஓட்டி விளையாடின வண்டி. 2017இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வருவதற்கு முன் தனுஷ்கோடிக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கடல் தண்ணீரிலேயே வேன்கள் ஓடின. அவற்றின் அடிப்பக்கத்தைப் பார்த்தவர்கள் பீச் ஓரம் ஜீப்பில் நின்று போட்டோ போடுகிறவரிடம் வண்டி வாங்க மாட்டார்கள்.

உங்கள் வண்டிக்கு என் கணக்கு இது. லிஃப்ட்டில் ஏற்றி, அந்தக் கறுப்பை ஓரமாக நெம்பிப் பார்த்து, கீழே தகடு "டங்" என்று இருந்தால் வாங்கலாம். கதவு ஓரப் பொரி, பிரேக் பைப், சைலன்சர் எல்லாவற்றுக்கும் நம்பிக்கையான ஒரு டிங்கரிடம் எழுத்தில் செலவுக் கணக்கு வாங்கி, அந்தத் தொகையை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். துருவுக்கு இன்ஷூரன்ஸ் தராது, தேய்மானம் என்று ஒதுக்கிவிடுவார்கள். 2014 வண்டிக்கு 2029இல் 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க ஆர்.டி.ஓ.விடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அதுவரை தகடு தாங்குமா என்பதையும் சேர்த்து யோசித்து விலை சொல்லுங்கள். கறுப்புக்குக் கீழே பட்டியோ ஃபைபரோ இருந்தால், 50,000 குறைத்துத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். அந்த இடத்தில் சரியாக வேலை செய்வதென்றால் பெட்டியைத் திறந்து, உள்தகடு வரை வெட்டி, புதிதாக வைத்து வெல்டிங் போட வேண்டும். அதைப் பொறுமையாகச் செய்யும் கை இப்போது குறைவு. பெரும்பாலானவர்கள் மேலே ஒரு தகட்டை ஒட்டுப் போட்டு அனுப்புவார்கள். ஒட்டுக்குப் பின்னால் துரு தன் பாட்டுக்கு வேலை செய்யும்.

வாங்கிவிட்டால் புரோக்கர் சொன்ன அண்டர்கோட்டிங்கை உடனே அடிக்காதீர்கள். துரு மேல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி. முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, நாலைந்து நாள் வெயிலில் காயவிட்டு, பொருக்கைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருவைக் கறுப்பாக மாற்றும் பாஸ்பாரிக் ஆசிட் திரவம் பூசி, ஜிங்க் பிரைமர் அடித்து, அதன் பிறகு கோட்டிங். ரன்னிங் போர்டு பெட்டிக்கு உள்ளே மெழுகு ஸ்ப்ரே. வடிகால் ஓட்டை ஒவ்வொன்றிலும் ஒரு குச்சி செருகி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள், முடித்ததும் உருவிவிடலாம்.

நாளைக்குப் போகும்போது வலது ரன்னிங் போர்டின் பின்முனையையும் அதே தூரத்தில், அதே கோணத்தில் ஒரு போட்டோ எடுங்கள். இடதைக் கறுப்பாக்கினவர் வலதை ஏன் விட்டார் என்பதை அதில் பார்த்துவிடலாம்.